மாவட்டப் பதிப்பில் அரைப் பக்கம்: கடலோர இளைஞர்களுக்காக ஒரு வேண்டுகோள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

நாற்பது ஆண்டுகளாக உங்கள் நாளிதழை வாசித்து வருகிறேன். அவற்றுள் முப்பத்தோர் ஆண்டுகள் ராமநாதபுரம் மாவட்டக் கடலோரத்து அரசுப் பள்ளிகளில் தமிழாசிரியராக இருந்தேன்; காலையில் வகுப்புக்குப் போகும்போது பாடநூலோடு உங்கள் இதழும் கையில் இருக்கும். ஓய்வுபெற்ற பின் பாம்பனில் குடியிருந்துகொண்டு, அருகிலுள்ள ஊர்ப்புற நூலகம் ஒன்றில் வாரம் இரண்டு மாலை பிள்ளைகளுடன் உட்கார்ந்து எழுதவைத்து வருகிறேன். அந்த அனுபவத்திலிருந்து ஒரு வேண்டுகோளை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். ராமநாதபுரம் மாவட்டப் பதிப்பில் மாதம் ஒருமுறை அரைப் பக்கத்தை, தொண்டியிலிருந்து சாயல்குடி வரையிலான கடலோரத்தில் வாழும், பதினைந்து முதல் இருபத்திரண்டு வயது வரையிலான பிள்ளைகள் எழுதும் செய்திகளுக்கும் கட்டுரைகளுக்கும் ஒதுக்க வேண்டும். உங்கள் துணையாசிரியர் ஒருவர் அவர்களுடன் நேரில் அமர்ந்து அந்த எழுத்தைச் செப்பனிட வேண்டும். உங்கள் பகுதிநேர நிருபருக்குக் கொடுப்பதைப் போல அவர்களுக்கும் சன்மானம் கொடுக்க வேண்டும்.

எங்கள் கரை நாளிதழ்களில் எப்போது இடம்பெறுகிறது என்பதை நீங்களே அறிவீர்கள். இலங்கைக் கடற்படை மீனவர்களைச் சிறைபிடித்தால் முதல் பக்கத்தில் வருகிறது. பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டால் எந்த எண் கூண்டு என்பதோடு வருகிறது. தை அமாவாசையிலும் ஆடி அமாவாசையிலும் அக்னி தீர்த்தத்துக் கூட்டம் வண்ணப் படமாக வருகிறது. இவை வரவேண்டிய செய்திகள்தாம். 2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்டபோதும் பாலத்தின் நீளத்தையும் தூக்குப் பகுதியின் எடையையும் எல்லா இதழ்களும் எழுதின. ஆனால் 1914 முதல் ஓடிய பழைய பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நிறுத்தப்பட்டது முதல் புதிய பாலம் திறக்கும் வரையிலான இரண்டே கால் ஆண்டுகள், தீவிலிருந்து படிக்கப் போன பிள்ளைகள் பேருந்தில் கடல் தாண்டி, அக்கரைக்குப் போய் ரயில் பிடித்த கதையை யாரும் எழுதவில்லை. என் நூலக வகுப்புக்கு வரும் மாணவி ஒருத்தி, தவறவிட்ட முதல் வகுப்புகளை ஒரு நோட்டின் பின்னட்டையில் கோடு போட்டுக் குறித்துவைத்திருந்தாள். அது செய்தி என்பது அவளுக்குத் தெரியாது. அதைச் செய்தியாக்கித் தருமாறு அவளிடம் கேட்க எவருமில்லை.

இதைவிடக் கசப்பான ஒன்றையும் சொல்லவேண்டியிருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன், கடலுக்குப் போன ஒருவர் திரும்பாமல்போன வீட்டில், பத்தாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த மகள் வாசலில் உட்கார்ந்திருந்ததைப் படமெடுத்து ஓர் இதழ் வெளியிட்டது. பெயர் தவறு, வயது தவறு, அவள் சொல்லாத வாக்கியமொன்றும் அவள் வாயில் வைக்கப்பட்டிருந்தது. படம் வந்த இதழை யாரோ அவளிடம் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார்கள். பல நாள் கழித்து என்னிடம் வந்து, "நான் இப்படிச் சொல்லவே இல்ல சார், இத எங்க போய்ச் சொல்றது?" என்று கேட்டாள். ஆசிரியருக்குக் கடிதம் எழுதலாம் என்றேன். இருவருமாக உட்கார்ந்து எழுதி அனுப்பினோம். அது வெளிவரவுமில்லை, பதிலும் இல்லை. அன்றைக்கு அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்த பிறகுதான், இதுவரை கட்டுரை எழுதக் கற்றுக்கொடுத்து மதிப்பெண் போட்ட எனக்கு, எழுத்து யாருடைய கையில் இருக்கிறது என்ற கேள்வி உறைத்தது. நூலக வகுப்பை அதற்கு அடுத்த மாதம் தொடங்கினேன்.

தொடக்கத்தில் வந்த எழுத்துகளைப் பார்த்து மனம் சோர்ந்தேன் என்பதை மறைக்கவில்லை. "கடல் அன்னை எங்களைக் காக்கிறாள்", "உழைப்பே உயர்வு தரும்" என்று, பள்ளியில் நாங்களே பழக்கிய வாக்கியங்கள் வரிசையாக வந்தன. தாய் கடற்பாசி எடுக்கப் போகும் வீட்டிலிருந்து வந்த ஒரு பெண்ணும் அப்படித்தான் எழுதியிருந்தாள். நான் அந்தத் தாளை ஓரமாக வைத்துவிட்டு, உன் அம்மா காலையில் எழுந்ததும் முதலில் என்ன செய்வார்கள் என்று மட்டும் கேட்டேன். அவள் சொல்லச் சொல்ல மாலை போய்விட்டது. பாறையில் கை கிழியாமலிருக்கத் தாய் பழைய சேலையைக் கீற்றுக் கீற்றாகக் கிழித்து ஒவ்வொரு விரலிலும் சுற்றிக்கொள்வதையும், சேலைக்கு மேல் அப்பாவின் முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொள்வதையும், கண்ணாடி போட்டு மூச்சடக்கி மூழ்குவதையும், இடுப்பில் கட்டிய வலைப்பை நிறைந்ததும் மேலே வருவதையும் சொன்னாள். இதையே எழுதிவா என்றேன். மறுவாரம் அவள் கொண்டுவந்த பக்கத்தில் இப்படி ஒரு வரி இருந்தது: "விரலுக்குத் துணி சுத்தும்போது அம்மா பேச மாட்டாங்க, ஏன்னா முடிச்சுப் போட ஒரு நுனியப் பல்லுல கடிச்சிருப்பாங்க." முப்பத்தோர் ஆண்டுகளில் திருத்திய விடைத்தாள்களில் இப்படியொரு வரியை நான் படித்ததில்லை.

அந்தப் பக்கம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, அதற்குக் காரணம் உண்டு. மன்னார் வளைகுடாவின் இருபத்தொரு தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் அடங்கியவை. தீவுகளை ஒட்டிப் பாசி எடுப்பதற்கு வனத்துறையின் கட்டுப்பாடு இருக்கிறது. எழுதி முடித்ததும் அந்தப் பெண் கேட்டது, "பேரப் போட்டா அம்மாவப் புடிச்சிருவாங்களா சார்?" என்பதுதான். எனக்குப் பதில் தெரியவில்லை. பெயரை மறைப்பதா, ஊரை மறைப்பதா, எந்த விவரத்தை நீக்கினால் அந்தத் தாய் அடையாளம் தெரியாமல் போவார், எதை நீக்கினால் எழுத்தே செத்துப்போகும், வனத்துறையிடம் ஒரு வார்த்தை கேட்டுப் போடவேண்டுமா என்பதெல்லாம் தமிழாசிரியரின் வேலைக்கு வெளியே இருப்பவை. நாள்தோறும் அந்த முடிவுகளை எடுத்துப் பழகியவர் உங்கள் அலுவலகத்தில் இருக்கிறார். அவருடைய ஒரு மாலைதான் எங்களுக்கு வேண்டியிருக்கிறது. பேச்சுப்போட்டி, கட்டுரைப்போட்டி, சான்றிதழ், கேடயம் எல்லாம் எங்கள் ஊர்களுக்கு வந்துகொண்டுதான் இருக்கின்றன, ஒரு பிள்ளையின் தாளை எடுத்துவைத்துக்கொண்டு, "இது உனக்கு எப்படித் தெரியும்? நேரில் பார்த்தாயா?" என்று பொறுமையாகக் கேட்கும் ஆள்தான் வரவில்லை.

அந்தக் கேள்வி ஒரு பிள்ளையை எந்த அளவுக்கு மாற்றும் என்பதற்கு இன்னொன்றைச் சொல்கிறேன். பத்தொன்பது வயது இளைஞர் ஒருவர், தம் ஊருக்குக் காவிரிக் கூட்டுக் குடிநீர் வருவதே இல்லை, ஊரே தாகத்தில் தவிக்கிறது என்று கொதித்து எழுதிவந்தார். வருவதே இல்லையா, சரியாக வருவதில்லையா என்று கேட்டேன். தெரியவில்லை என்றார். ஒரு வாரம் குழாயடியில் நின்று பார்க்கச் சொன்னேன். எந்த நாளில் எத்தனை மணிக்குத் தண்ணீர் வந்தது, எத்தனை வீட்டுக்காரர் தள்ளுவண்டியில் குடங்களை ஏற்றிக்கொண்டு ஊற்றுக்குப் போனார்கள், ஒரு குடத்துக்கு என்ன விலை கொடுத்தார்கள் என்று எழுதிவந்தபோது, அவருடைய கோபம் குறைந்திருக்கவில்லை, ஆனால் தாளில் இருந்த எதையும் எவராலும் மறுக்க முடியாது. பிறகு 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி விண்ணப்பம் போடலாம், முப்பது நாளுக்குள் பதில் தரவேண்டும் என்று சொல்லிக்கொடுத்தேன். விண்ணப்பத்தை அவரே எழுதினார். பதில் வந்தது; அதில் சொல்லப்பட்டிருந்த நாட்களும் அவர் குழாயடியில் குறித்த நாட்களும் பொருந்தவில்லை. அதை எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்ற இடத்தில் நாங்கள் நின்றுவிட்டோம். அவர் இப்போது விசைப்படகில் போகிறார். நூலகத்துக்கு வருவது நின்று ஓராண்டாகிறது. அந்தக் கோப்பு என் அலமாரியில் இருப்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

மொழியைப் பற்றியும் உங்கள் துணையாசிரியரிடம் முன்கூட்டியே ஒன்று சொல்லவேண்டும். எங்கள் பிள்ளைகள் வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று காற்றுக்குத் திசைவாரியாகப் பெயர் சொல்வார்கள். கடலின் ஓட்டத்தை நீவாடு என்பார்கள். கடல்பசுவை ஆவுளியா என்பார்கள். ஒரு நாள் கிடைத்த வரும்படியைப் பாடு என்பார்கள். பள்ளியில் ஒரு மாணவன் "கச்சான் அடிச்சா கடல் கலங்கும்" என்று எழுதியதை, என்னோடு பணியாற்றிய ஒருவர் சிவப்பு மையில் அடித்து "மேற்குத் திசைக் காற்று வீசினால்" என்று மாற்றியதைப் பார்த்திருக்கிறேன். என் இளமையில் நானும் அப்படிப் பலவற்றை அடித்திருப்பேன் என்றே நினைக்கிறேன். கச்சான் அகராதியில் உள்ள சொல். வாடையும் கொண்டலும் பழைய இலக்கியத்திலேயே உள்ளவை. நெய்தலை ஐந்திணைகளுள் ஒன்றாக வைத்த மொழியில், நெய்தல் நிலத்துப் பிள்ளை தன் சொல்லுக்காக வெட்கப்படும்படி ஆனது எங்களைப் போன்ற ஆசிரியர்களால்தான். எனவே எழுத்துப் பிழையைத் திருத்துங்கள், வாக்கியம் பொருள் தராவிட்டால் திருத்துங்கள், தகவலைப் பத்துமுறை சரிபாருங்கள். அந்தச் சொற்களை மட்டும் விட்டுவையுங்கள். பாம்பனில் 2016 ஆகஸ்ட் 15 அன்று மீனவ மக்களுக்காகத் தொடங்கப்பட்ட 'கடல் ஓசை' சமுதாய வானொலி, 90.4 பண்பலையில் எங்கள் பேச்சை எங்கள் காதுக்கே கொண்டுவந்தபோது, வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர்கள் நிமிர்ந்து கேட்டதை நான் பார்த்திருக்கிறேன். ஒலியில் முடிந்தது அச்சிலும் முடியும்.

இது நடக்கிற காரியமா என்ற ஐயம் எழலாம். உத்தரப் பிரதேசத்தின் சித்ரகூடத்தில் 2002-இல் தொடங்கிய 'கபர் லஹரியா' என்ற இதழ், கிராமத்துப் பெண்களால், அதிலும் பெரும்பாலும் தலித் பெண்களால், தங்கள் புந்தேலி வழக்கிலேயே எழுதி நடத்தப்பட்டது. இன்றைக்குக் காணொளிச் செய்தியாகவும் அது வளர்ந்திருக்கிறது. டெல்லியில் 2003 முதல் தெருவோரக் குழந்தைகளும் உழைக்கும் குழந்தைகளும் நடத்திவரும் 'பாலக்நாமா' இதழில், எழுதத் தெரியாத குழந்தைகள் வாயால் சொல்ல, எழுதத் தெரிந்தவர்கள் எழுதிக்கொள்கிறார்கள். அப்படிச் சொல்பவரும் நிருபர்தான். இந்த முறை எங்களுக்கு மிகவும் பொருந்தும். எட்டாம் வகுப்போடு நின்று வள்ளத்துக்குப் போன பையனால் ஒரு பக்கம் எழுத முடியாது. ஆனால் இரவு முழுக்கக் கடலில் என்ன நடந்தது என்பதை அவன் சொல்லும்போது ஒரு சொல் வீணாக இருக்காது. நம் பள்ளிக்கல்வித் துறையின் 'ஊஞ்சல்', 'தேன்சிட்டு' இதழ்களில் மாணவர் எழுத்துகள் வருவது நல்ல தொடக்கம். ஆயினும் 'தேன்சிட்டு' ஒன்பதாம் வகுப்பு வரையிலானது. எங்கள் கரையில் பிள்ளைகள் படிப்பை விட்டுக் கடலுக்கும் உப்பளத்துக்கும் கரிமூட்டத்துக்கும் போகத் தொடங்குவது அதற்கு அடுத்த வயதில்தான்.

இதழியல் எங்கள் சீமைக்குப் புதிது என்றும் சொல்லிவிட முடியாது. 1901-இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவி, அதன் 'செந்தமிழ்' இதழுக்கு வழிசெய்த பாண்டித்துரைத் தேவர் சேதுபதி மரபில் வந்தவர். இன்னொரு நினைவும் எனக்கு அடிக்கடி வரும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ராமேசுவரத்தில் ரயில் நிற்காமற்போனபோது, நாளிதழ்க் கட்டுகளை ராமேசுவரத்துக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே ஓடும் ரயிலிலிருந்து வீசிவிட்டுப் போனார்கள். அவற்றைப் பொறுக்கியெடுத்து, இதழ் விற்ற தம் உறவினருக்கு உதவி, தம் முதல் கூலியைப் பெற்ற சிறுவர்தான் பின்னாளில் குடியரசுத் தலைவரான அப்துல் கலாம். அந்தக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போதெல்லாம், கட்டு உள்ளே வந்ததே, எங்கள் தீவிலிருந்து எழுதிய தாள் ஒன்று அந்த ரயிலில் வெளியே போயிற்றா என்று நினைத்துக்கொள்வேன். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்ததைப் பற்றி வெளியூர்க்காரர்கள் எழுதியவை எத்தனையோ. அந்த இரவைப் பிழைத்துக் கடந்தவர்கள் இப்போது எண்பதை நெருங்கிவிட்டார்கள். அவர்களிடம் போய்க் கேட்டு எழுத அவர்களுடைய பேரப்பிள்ளைகளைவிடத் தகுந்த நிருபர் யார்?

அன்புகூர்ந்து ஒன்றில் கவனமாயிருக்க வேண்டுகிறேன். ஏழைப் பிள்ளை எழுதினால் அதில் கண்ணீர் இருக்கவேண்டும் என்று எதிர்பார்க்க வேண்டாம். என் வகுப்பில் ஒரு பையன் கபடியைப் பற்றி மட்டுமே எழுதுகிறான், நன்றாகவும் எழுதுகிறான். மண்டபத்து மறுவாழ்வு முகாமில் பிறந்து வளர்ந்த ஒரு பெண், ஈழத்துப் பாட்டியின் சமையலைப் பற்றி எழுதினாள். முகாமைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று வந்திருந்த ஒருவர் கேட்டபோது அவள் தலைகுனிந்தது எனக்குப் பொறுக்கவில்லை. எதை எழுதுவது என்பதை அவர்கள் முடிவு செய்யட்டும். குற்றத்துக்கு ஆளான குழந்தையின் அடையாளத்தை வெளியிடக்கூடாது என்று இளஞ்சிறார் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவும் போக்சோ சட்டத்தின் 23-ஆம் பிரிவும் சொல்வதை, எழுதத் தொடங்கும் முதல் நாளே அவர்களுக்கும் சொல்லிக்கொடுத்துவிட வேண்டும். கையில் கைப்பேசியும் காணொளியும் வந்துவிட்ட காலத்தில் அது அவர்களுடைய தோழர்களுக்கும் காப்பு. எழுதியது அச்சில் வருமுன் எழுதியவருக்கு வாசித்துக்காட்டவேண்டும் என்பதும் என் வேண்டுகோள். சன்மானத்தைப் பற்றி முதலிலேயே குறிப்பிட்டேன். அதை விட்டுவிட வேண்டாம். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்து எழுதும் பிள்ளையிடம், உன் பெயர் அச்சில் வருவதே பெருமை என்று சொல்ல எனக்கு நாக்கு எழாது.

காலத்தைப் பற்றியும் யோசித்துவைத்திருக்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை அறுபத்தொரு நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும். படகு பழுதுபார்ப்பும் வலை வேலையும் இருந்தாலும், இரவெல்லாம் கடலில் இருக்கும் இளைஞர்களுக்கு மாலைப்பொழுது கிடைக்கும். பள்ளி விடுமுறையும் பெரும்பாலும் அந்த நாட்களோடு சேர்ந்து வருகிறது. அந்த இரண்டு மாதத்தில் வாரம் ஒரு மாலை உங்கள் துணையாசிரியர் வந்தால் எட்டு அமர்வுகள் ஆகும். முதல் இரண்டில் செய்தி எது, வதந்தி எது, யார் சொன்னதை எப்படிச் சரிபார்ப்பது என்பதைப் பழக்கலாம். மே 1 கிராம சபைக் கூட்டத்துக்கு அவர்களை அனுப்பி, அங்கே யார் பேசினார், எந்தத் தீர்மானம் வாசிக்கப்பட்டது, எது வாசிக்கப்படாமலேயே நிறைவேறியது என்று எழுதிவரச் சொல்லலாம். அதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தோன்றவில்லை. ஜூன் இறுதியில் முதல் அரைப் பக்கம் வரட்டும். நாட்டுப்படகில் போகும் பிள்ளைகளுக்குத் தடைக்காலத்திலும் வேலை இருப்பதால் அவர்களுக்கு வேறு நேரம் வைக்கவேண்டும். பாசி எடுக்கும் நாட்களில் பெண்பிள்ளைகளுக்கு வீட்டுவேலை முழுவதும் தலையில் விழும் என்பதால் அந்த நாட்களையும் தவிர்க்கவேண்டும். பெண்பிள்ளைகள் இருட்டுமுன் வீடு திரும்பவேண்டும் என்பதைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

இடம் இருக்கிறது. நூலகத்தில் இரண்டு நீள மேசைகளும் இருபது நாற்காலிகளும் உண்டு. மின்விசிறி ஒன்றுதான் ஓடுகிறது, இன்னொன்றை நான் பழுதுபார்த்துவிடுவேன். இப்போது தவறாமல் வருபவர்கள் பதினொரு பேர், அவர்களில் ஏழு பேர் பெண்கள். இதுவரை அவர்கள் எழுதியவற்றுள், எழுதியவர்கள் சம்மதித்த பதினான்கு பக்கங்களைப் படியெடுத்து இக்கடிதத்துடன் இணைத்துள்ளேன். பாசி எடுக்கும் தாயைப் பற்றிய பக்கமும் குடிநீர்க் கோப்பும் அவற்றுள் இல்லை. வருகிறவரிடம் அவற்றை நேரில் காட்டுகிறேன். தாங்கள் யாரை எந்த நாளில் அனுப்ப இயலும் என்பதை ஏப்ரல் முதல் வாரத்துக்குள் தெரிவித்தால், படகில் போகிறவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவைக்க வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
பாம்பன், ராமநாதபுரம் மாவட்டம்.